லாம்டா, எஸ்3, ஆர்டிஎஸ்: முதல் முறையாக மூன்றையும் இணைப்பவர்களுக்கு

மூன்றும் அமேசானின் கிளவுட் சேவைகள்: லாம்டா நிரலை ஓட்டும், எஸ்3 கோப்புகளை வைத்திருக்கும், ஆர்டிஎஸ் டேட்டாபேஸை நடத்தும். லாம்டாவில் ஒரு சின்ன பைதான் நிரலை ஓட வைப்பது அரை மணி நேர வேலை. எஸ்3-இல் பக்கெட் என்கிற கோப்புக் கிடங்கு ஒன்றைத் திறந்து கோப்பு போட இரண்டு நிமிடம் போதும். ஆர்டிஎஸ்-இல் ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் எழுந்து நிற்க, டீ குடித்துவிட்டு வரும் நேரம் ஆகும். ஆனால் மூன்றையும் கோத்து, கோப்பு வந்து விழுந்ததும் அதிலுள்ள வரிகள் தானாக டேட்டாபேஸில் ஏற வேண்டும் என்று உட்கார்ந்தால், அனுபவமுள்ளவர்கள்கூட இரண்டு நாள் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் தடவை எனக்கு நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளில் பெரும்பகுதி, சரியாக இருந்த நிரலைத் திரும்பத் திரும்பத் திருத்துவதிலேயே போனது. சிக்கல் இருந்தது இணைப்பில்.

ஒரு லாம்டா ஃபங்ஷன் டேட்டாபேஸைத் தொட மூன்று விஷயங்கள் ஒத்துவர வேண்டும். அங்கே போய்ச் சேரப் பாதை வேண்டும். அதை விபிசி என்கிற தனி நெட்வொர்க் தீர்மானிக்கிறது. அமேசான் சேவைகளைப் பயன்படுத்த அனுமதி வேண்டும். அது ஐஏஎம் என்கிற அனுமதிச் சேவையின் கையில் இருக்கிறது. கடைசியாக டேட்டாபேஸுக்குள் நுழையப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வேண்டும். அதைப் போஸ்ட்கிரஸே பார்த்துக்கொள்கிறது. ஒன்றில் சரியாக இருப்பது இன்னொன்றுக்கு உதவாது.

மூன்றும் வெவ்வேறு விதமாகத் தோற்கும் என்பதைத்தான் புதிதாக வருபவர்கள் முதலில் மனதில் பதிய வைக்க வேண்டும். பாதை இல்லையென்றால் நிரல் ஒன்றும் சொல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். கடைசியில் டைம்அவுட் ஆகும், அதாவது குறித்த நேரம் தீர்ந்து நின்றுவிடும். அனுமதி இல்லையென்றால் உடனே ‘ஆக்சஸ் டினைட்’ என்று வரும். பாஸ்வேர்டு தவறென்றால் போஸ்ட்கிரஸ் தன் வாயால் சொல்லும். டைம்அவுட் ஆகும்போது ஐஏஎம் பாலிசியில் (அனுமதிகளின் பட்டியலில்) இன்னும் நான்கு அனுமதிகளைச் சேர்ப்பதால் எதுவும் மாறாது. ஆனால் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான்.

மூன்றும் இப்படித் தனித்தனியாக நிற்பதற்கு அவை பிறந்த வரிசையும் ஒரு காரணம். எஸ்3 வந்தது 2006 மார்ச்சில். இணையத்தில் எங்கிருந்தும் எட்டக்கூடிய முகவரியோடு வந்தது. ஆர்டிஎஸ் 2009-இல் வந்தது. லாம்டா 2014 நவம்பரில் அறிவிக்கப்பட்டது, ஆனால் விபிசிக்குள் இருக்கும் டேட்டாபேஸை அதனால் எட்ட முடிந்தது 2016 பிப்ரவரிக்கு அப்புறம்தான். ஆக ஒன்று வெளியே நிற்கிறது, இன்னொன்று வீட்டுக்குள் இருக்கிறது, நடுவில் நிற்கிற லாம்டா இரண்டு பக்கமும் கை நீட்ட வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

எடுத்துக்கொள்ளும் வேலை

கண்ணுக்குத் தெரிகிற உதாரணம் ஒன்று இருந்தால் நல்லது. ஒரு பால் சங்கம். காலை, மாலை இரண்டு வேளையும் கொள்முதல் முடிந்ததும் கணினியிலிருந்து ஒரு சிஎஸ்வி கோப்பு வருகிறது. உறுப்பினர் எண், பெயர், தேதி, வேளை, பால் வகை, லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) என்று எட்டு நெடுவரிசை. அந்தக் கோப்பை எஸ்3 பக்கெட்டில் போட்டால் லாம்டா விழித்து, அதைப் படித்து, போஸ்ட்கிரஸில் எழுத வேண்டும். ஒரு நாளில் இரண்டு முறை, சில நூறு வரிகள். நாள் முழுக்க ஒரு சர்வரை ஓட விடத் தேவையில்லாத வேலை, அதனால் லாம்டாவுக்கு நன்றாகப் பொருந்தும்.

எல்லாவற்றையும் ஒரே வட்டாரத்தில் (ரீஜியன், அமேசானின் டேட்டா சென்டர்கள் இருக்கும் பகுதி) வையுங்கள். மும்பை வட்டாரம் 2016-இலிருந்தும் ஹைதராபாத் 2022-இலிருந்தும் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு எது என்றாலும் சரி. ஆனால் பக்கெட் மும்பையில், லாம்டா ஹைதராபாத்தில் என்று இருந்தால் எஸ்3-இன் அறிவிப்பு நேரடியாக லாம்டாவை எழுப்பாது. கன்சோலின் (அமேசானின் இணையக் கட்டுப்பாட்டுப் பக்கத்தின்) மேல் மூலையில் வட்டாரத்தின் பெயரைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு பக்கத்தையும் திறங்கள். அப்படியே பில்லிங் பக்கத்தில் ஒரு பட்ஜெட் எச்சரிக்கையும் வைத்துவிடுங்கள், ஐந்து டாலர் தாண்டினால் மின்னஞ்சல் வரும்படி.

முதல் படி: விபிசி இல்லாமல் எஸ்3 மட்டும்

டேட்டாபேஸைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். பக்கெட் ஒன்றை உருவாக்குங்கள். 2023 ஏப்ரலிலிருந்து புதுப் பக்கெட்டுகளில் பொது அணுகலுக்கான தடை இயல்பாகவே போடப்பட்டிருக்கும். அனுமதிப் பிழை வந்தால் அதைக் கழற்றிவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். உறுப்பினர்களின் பெயரும் கணக்கும் உள்ள கோப்புகள் அவை. ஊருக்கே திறந்துவிட்டால் அப்புறம் மூடிப் பயனில்லை.

அடுத்து லாம்டா ஃபங்ஷன். பைதானில் ஓடும்படி உருவாக்கினால், கூடவே ஒரு ஐஏஎம் ரோலும் உருவாகும்; அந்த ஃபங்ஷன் என்னென்ன செய்யலாம் என்ற அனுமதிகள் அதில்தான் இருக்கும். அந்த ரோலில் லாக் எழுதும் அனுமதி மட்டும்தான் இருக்கும். அதோடு உங்கள் பக்கெட்டிலுள்ள கோப்புகளைப் படிக்கும் அனுமதி ஒன்றைச் சேருங்கள்: கெட்ஆப்ஜெக்ட், அந்த ஒரு பக்கெட்டின் உள்ளடக்கத்துக்கு மட்டும். கோப்புகளுக்கான அனுமதியில் பக்கெட் பெயருக்கு அப்புறம் சாய்கோடும் நட்சத்திரமும் வர வேண்டும். அதை விட்டால் அனுமதி வேலை செய்யாது. இதோடு பக்கெட்டின் பட்டியலைப் பார்க்கும் லிஸ்ட்பக்கெட் அனுமதியையும் கொடுங்கள். இது பக்கெட்டுக்கே உரிய அனுமதி, ஆகவே இதில் சாய்கோடும் நட்சத்திரமும் கூடாது. இது எதற்கு என்று இதோ சொல்கிறேன்.

லாம்டாவின் இயல்பான டைம்அவுட் 3 விநாடி, நினைவகம் 128 எம்பி. டைம்அவுட்டை 30 விநாடி ஆக்குங்கள். அதிகபட்சம் 15 நிமிடம் வரை வைக்கலாம்தான், ஆனால் சோதனைக் காலத்தில் நீளமாக வைத்தால் பாதைப் பிழை வரும் ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் காத்திருக்க நேரிடும். நினைவகத்தை 512 எம்பி ஆக்கலாம். லாம்டாவில் நினைவகத்தைக் கூட்டினால் சிபியு பங்கும் அதே விகிதத்தில் கூடும், ஆகவே வேலை சீக்கிரம் முடியும்.

நிரல் இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எஸ்3 அனுப்பும் நிகழ்வில் (கோப்பு வந்ததைச் சொல்லும் செய்தியில்) இருக்கும் பக்கெட் பெயரையும் கோப்பின் பெயரையும் எடுத்து, அந்தக் கோப்பைப் படித்து, எத்தனை வரிகள் என்று லாக்கில் எழுதுவது. அமேசான் சேவைகளோடு பேசும் போட்டோ3 (boto3) நூலகம் லாம்டாவின் பைதானிலேயே இருக்கிறது. தனியாக நிறுவ வேண்டாம். இப்போதைக்கு நிகழ்வைக் கையால் கொடுத்துச் சோதியுங்கள்; தானாக ஓட வைப்பது கடைசிப் படியில்.

இங்கேதான் நான் ஒரு முழு நாளை இழந்தேன். ஆங்கிலப் பெயருள்ள கோப்பு படிக்கப்பட்டது. ‘ஜூலை 12 காலை’ என்று பெயரிட்ட கோப்பைப் போட்டதும் ‘ஆக்சஸ் டினைட்’. அனுமதியில்தான் கோளாறு என்று பாலிசியை எத்தனையோ விதமாக மாற்றி எழுதினேன். காரணம் வேறு. எஸ்3 நிகழ்வில் வரும் கோப்புப் பெயர் இணைய முகவரிக்கேற்ற வடிவத்துக்கு மாற்றப்பட்டு வரும். இடைவெளி கூட்டல் குறியாகிவிடும். தமிழ் எழுத்துகள் யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் எடுக்கும். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ‘ஜூலை’ என்ற இரண்டெழுத்துச் சொல்லில் நான்கு குறியீடுகள் உள்ளன, ஆக அது 36 எழுத்துகளாக வந்து சேரும். அந்தப் பெயரில் பக்கெட்டில் கோப்பே கிடையாது. கோப்பு இல்லையென்றால் ‘இல்லை’ என்றுதானே வர வேண்டும்? லிஸ்ட்பக்கெட் அனுமதி இல்லாதவரிடம் எஸ்3 அப்படிச் சொல்வதில்லை. இருக்கிறதா இல்லையா என்பதையே மறைத்து, அனுமதி மறுப்பு என்றே பதில் தரும். அதனால்தான் அந்த அனுமதியையும் சேர்க்கச் சொன்னேன். அது இருந்திருந்தால் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்ற பதில் முதல் நிமிடமே வந்திருக்கும்.

தீர்வு ஒரு வரி. பைதானின் யூஆர்எல்லிப் (urllib) தொகுதியில் அன்குவோட்_பிளஸ் (unquote_plus) என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. நிகழ்விலிருந்து எடுத்த பெயரை அதற்குள் செலுத்திவிட்டுப் பயன்படுத்துங்கள். வெறும் அன்குவோட் போதாது, அது கூட்டல் குறியை இடைவெளியாக மாற்றாது.

தமிழ் இருக்கும் கோப்புகளில் இன்னொரு கண்ணியும் உண்டு. எக்செலில் சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். அதை லாம்டாவால் மீட்க முடியாது. சேமிக்கும்போதே ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அப்படிச் சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி சேர்ந்துகொள்ளும். முதல் நெடுவரிசையின் தலைப்பு மட்டும் பொருந்தாமல் போகும், பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். படிக்கும்போது யூடிஎஃப்-8-சிக் என்ற குறியாக்கத்தைக் கொடுத்தால் பைதான் அந்தக் குறியை நீக்கிவிடும்.

வரிகளின் எண்ணிக்கை லாக்கில் சரியாக வந்ததா? அப்புறம்தான் அடுத்த படி.

இரண்டாம் படி: டேட்டாபேஸ்

ஆர்டிஎஸ்-இல் போஸ்ட்கிரஸ், இருப்பதிலேயே சிறிய மைக்ரோ வகை, 20 ஜிபி சேமிப்பு. இந்த வேலைக்கு அது தாராளம். பொது அணுகல் வேண்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்றே சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் கணினியிலிருந்து நேரடியாகப் பார்க்க முடியாதே என்று தோன்றலாம், அதற்கு வழி இருக்கிறது.

படிவத்தின் மேல் பகுதியில் ஒரு பெயர் கேட்பார்கள். அது டேட்டாபேஸ் சர்வருக்கான அடையாளப் பெயர்தான். உள்ளே இருக்கும் டேட்டாபேஸின் பெயர் கீழே, கூடுதல் அமைப்புகள் பகுதியில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதைத் திறந்து நிரப்பாமல் விட்டால் நீங்கள் நினைத்த பெயரில் டேட்டாபேஸ் இருக்காது. பின்னால் இணைக்கும்போது அப்படி ஒரு டேட்டாபேஸே இல்லை என்று போஸ்ட்கிரஸ் சொல்லும். பதில் வந்ததே, அது நல்ல செய்தி: பாதை திறந்திருக்கிறது என்று பொருள்.

இப்போது செக்யூரிட்டி குரூப், அதாவது எந்தப் போக்குவரத்தை விடலாம் என்று சொல்லும் விதித் தொகுப்பு. இரண்டு உருவாக்குங்கள், ஒன்று லாம்டாவுக்கு, ஒன்று டேட்டாபேஸுக்கு. லாம்டாவுடையதில் உள்வரும் விதி எதுவும் தேவையில்லை. டேட்டாபேஸுடையதில் ஒரே ஒரு உள்வரும் விதி: 5432 போர்ட், மூலம் என்ற இடத்தில் லாம்டாவின் செக்யூரிட்டி குரூப். மைஎஸ்கியூஎல் என்றால் போர்ட் 3306. மூலமாக ஐபி முகவரியைக் கொடுக்காமல் இன்னொரு குரூப்பையே கொடுக்க முடியும் என்பது புதியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. தெரியாமல் ‘எங்கிருந்தும் வரலாம்’ என்று திறந்துவிடுகிறார்கள். குரூப்பைக் கொடுத்தால், லாம்டாவின் ஐபி நாளை என்னவாக மாறினாலும் விதி அப்படியே செல்லும்.

ஆர்டிஎஸ் கன்சோலில் லாம்டாவோடு இணைக்கும் ஒரு பொத்தானும் உண்டு. இந்த குரூப்புகளைத் தானே உருவாக்கிக் கொடுக்கும். முதல் முறை அதைத் தொடாமல் கையால் செய்யுங்கள் என்பது என் கருத்து. பிழை வரும் அன்று எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: லாம்டாவை உள்ளே கொண்டுபோவது

லாம்டாவின் ரோலில், விபிசி அணுகலுக்கென்று அமேசான் தயாராக வைத்திருக்கும் பாலிசியைச் சேருங்கள். லாம்டா உங்கள் நெட்வொர்க்குக்குள் ஒரு நெட்வொர்க் இடைமுகத்தை உருவாக்க அது தேவை. பின்பு லாம்டாவின் அமைப்புகளில் விபிசி பகுதிக்குப் போய், டேட்டாபேஸ் இருக்கும் அதே விபிசி, வெவ்வேறு மண்டலங்களில் (ஒரே வட்டாரத்துக்குள் தனித்தனியாக இருக்கும் டேட்டா சென்டர் தொகுதிகளில்) குறைந்தது இரண்டு சப்நெட் (விபிசியின் உட்பிரிவு), லாம்டாவுக்கென்று உருவாக்கிய செக்யூரிட்டி குரூப் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். சேமித்தபின் ஓரிரு நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

விபிசிக்குள் வைத்தால் லாம்டா எழும்பவே பத்து விநாடி ஆகும் என்று பழைய கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். 2019 செப்டம்பருக்கு முன் அது உண்மை. அப்போது நெட்வொர்க் இடைமுகம் நிரல் எழும்பும் நேரத்தில் உருவாக்கப்பட்டது. இப்போது ஃபங்ஷனை அமைக்கும்போதே உருவாகிவிடுகிறது. ஆகவே அந்த பயம் இனி தேவையில்லை.

சேமித்ததும் முதல் படியின் சோதனையை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். நேற்று வரை ஓடிய நிரல், ஒரு எழுத்துகூட மாற்றாத நிரல், இப்போது 30 விநாடி தொங்கி டைம்அவுட் ஆகும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் ஆக வேண்டும். விபிசிக்குள் போன லாம்டாவுக்கு இணையம் கிடையாது. எஸ்3 இன்னும் வெளியேதான் நிற்கிறது. இணையத்துக்கு வழி உள்ள பொதுச் சப்நெட்டில் வைத்தாலும் இதே கதைதான். அமேசானின் வாடகைச் சர்வரான ஈசி2 அங்கே இணையத்தைப் பிடிக்கிறதே என்றால், அதற்கு பொது ஐபி கிடைக்கிறது. லாம்டாவின் இடைமுகத்துக்கு அது கொடுக்கப்படுவதில்லை. லாக் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும், ஏனென்றால் அது உங்கள் விபிசி வழியாகப் போவதில்லை. லாக் வருகிறது, ஆகவே நெட்வொர்க் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இதற்கு இணையத்தில் தேடினால் பெரும்பாலும் நாட் கேட்வே (விபிசிக்குள் இருப்பவற்றுக்கு இணைய வழி தரும் சேவை) போடச் சொல்வார்கள். வேலை செய்யும். ஆனால் வர்ஜீனியா வட்டார விலையில் மணிக்கு 0.045 டாலர், அதாவது யாரும் பயன்படுத்தாமல் சும்மா இருந்தாலே மாதம் 32 டாலருக்கு மேல். கடந்துபோகும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் கட்டணம். ஒரு நாளில் இரண்டு கோப்பு படிக்கும் பால் சங்கத்துக்கு இது அநியாயச் செலவு.

எஸ்3-க்கென்று கேட்வே என்ட்பாயின்ட் என்று ஒன்று இருக்கிறது, இணையம் இல்லாமலே விபிசியிலிருந்து எஸ்3-ஐ எட்டும் வழி. அதற்குக் கட்டணம் இல்லை. விபிசி பக்கத்தில் என்ட்பாயின்ட்ஸ் பகுதிக்குப் போய், எஸ்3 சேவையைத் தேடினால் இரண்டு வகை காட்டும், கேட்வே, இன்டர்ஃபேஸ் என்று. கேட்வேயைத் தேர்ந்தெடுங்கள்; மற்றதற்குக் காசு. அடுத்து ரூட் டேபிள் (போக்குவரத்து எந்த வழியில் போகும் என்ற பட்டியல்) எது என்று கேட்கும். லாம்டாவின் சப்நெட்டுகள் எந்த ரூட் டேபிளைப் பயன்படுத்துகின்றனவோ அதைக் குறியுங்கள். இந்தக் குறியைத் தவறவிட்டால் என்ட்பாயின்ட் இருந்தும் இல்லாதது போலத்தான். சோதனையை மறுபடி ஓட்டுங்கள், வரிகளின் எண்ணிக்கை திரும்ப வந்துவிடும்.

நான்காம் படி: உள்ளே நுழைவது

பாஸ்வேர்டை நிரலுக்குள் எழுதக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே வைப்பது என்பதில்தான் புதியவர்கள் இன்னொரு முறை டைம்அவுட்டில் விழுகிறார்கள். பாஸ்வேர்டுகளைப் பத்திரமாக வைக்கும் சீக்ரெட்ஸ் மேனேஜர் நல்ல சேவை, ஆனால் அதுவும் எஸ்3 போல வெளியே நிற்கிறது. அதற்கு இலவச கேட்வே என்ட்பாயின்ட் கிடையாது. இன்டர்ஃபேஸ் வகை ஒன்று வாங்க வேண்டும், ஒவ்வொரு மண்டலத்துக்கும் மணிக் கட்டணத்தோடு. லாம்டாவின் என்விரான்மென்ட் வேரியபிளில் (நிரலுக்கு வெளியே, ஃபங்ஷனின் அமைப்புகளில் வைக்கும் மதிப்பு) வைப்பது எளிய வழி. அங்கே அது மறையாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படும், ஆனால் ஃபங்ஷனின் அமைப்புகளைப் பார்க்கும் உரிமை உள்ள யாரும் படித்துவிடலாம்.

நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி: ஐஏஎம் அங்கீகாரம். பாஸ்வேர்டே இல்லை. டேட்டாபேஸில் அந்த வசதியை இயக்கிவிட்டு, லாம்டாவுக்கென்று ஒரு பயனரை உருவாக்கி, அவருக்கு ஆர்டிஎஸ்_ஐஏஎம் என்ற ரோலைக் கொடுக்க வேண்டும். நிரல் ஒவ்வொரு முறை இணையும்போதும் போட்டோ3 மூலம் ஒரு டோக்கன் (குறுகிய கால அனுமதிச் சீட்டு) தயாரித்து, பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில் அதைக் கொடுக்கும். டோக்கன் 15 நிமிடம் செல்லும். இணைந்த பிறகு அது காலாவதியானாலும் இணைப்பு அறுபடாது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, டோக்கன் தயாரிக்க வெளியே எந்தச் சேவையையும் கேட்க வேண்டியதில்லை. லாம்டாவிடம் ஏற்கெனவே இருக்கும் ரோலின் சான்றுகளைக் கொண்டு உள்ளேயே கையெழுத்திடப்படுகிறது. ஆகவே இணையம் இல்லாத விபிசிக்குள்ளும் சிக்கலில்லாமல் நடக்கும். லாம்டாவின் ரோலில் ஆர்டிஎஸ்-டிபி கனெக்ட் என்ற அனுமதி வேண்டும். அதில் டேட்டாபேஸின் பெயரைக் கொடுக்காதீர்கள். கன்சோலில் கான்ஃபிகரேஷன் தாவலில் ரிசோர்ஸ் ஐடி என்று ஒரு நீளமான அடையாளம் இருக்கும், அதையும் பயனர் பெயரையும்தான் கொடுக்க வேண்டும்.

போஸ்ட்கிரஸோடு பேச ஒரு டிரைவர் தேவை, அது லாம்டாவில் இல்லை. எல்லோரும் சைகோபிஜி2-ஐ எடுப்பார்கள். விண்டோஸிலோ மேக்கிலோ நிறுவி ஜிப் செய்து ஏற்றினால் லாம்டாவில் ஓடாது, ஏனென்றால் அதன் ஒரு பகுதி சி மொழியில் எழுதப்பட்டு அந்தந்த இயங்குதளத்துக்கென்று தொகுக்கப்பட்டது; லாம்டா ஓடுவது அமேசான் லினக்ஸில். முதல் முறைக்கு பிஜி8000 எடுங்கள். முழுக்க பைதான், எங்கே ஜிப் செய்தாலும் ஓடும். வேகத்தில் கொஞ்சம் பின்தங்கும், சில நூறு வரிகளுக்கு அது தெரியாது.

போஸ்ட்கிரஸ் 15-இலிருந்து ஆர்டிஎஸ் மறையாக்கம் இல்லாத இணைப்பை இயல்பாகவே மறுக்கும். ஐஏஎம் டோக்கனும் மறையாக்கம் செய்த (டிஎல்எஸ்) இணைப்பில்தான் செல்லும். அமேசான் தரும் ஆர்டிஎஸ் சான்றிதழ்க் கோப்பைப் பதிவிறக்கி ஜிப்பிலேயே வைத்து, இணைக்கும்போது அதைக் காட்டுங்கள். சான்றிதழைச் சரிபார்க்காமல் இணைக்கும் வழியும் இருக்கிறது, சோதனைக்குக்கூட அதைப் பழகிக்கொள்ள வேண்டாம்.

அட்டவணையை எப்படி உருவாக்குவது? டேட்டாபேஸுக்கு வெளியிலிருந்து பாதை இல்லையே. இதற்கென்று தனியாக இன்னொரு சின்ன லாம்டா எழுதுங்கள். அதே விபிசி, அதே செக்யூரிட்டி குரூப், மாஸ்டர் பயனராக உள்ளே போய் அட்டவணையையும் புதுப் பயனரையும் உருவாக்கிவிட்டு முடிந்துவிடும். வேலை முடிந்ததும் அந்த லாம்டாவை அழித்துவிடலாம். பாதை திறந்திருக்கிறதா என்ற சோதனையும் அதிலேயே முடிந்துவிடுகிறது. போஸ்ட்கிரஸ் 15-இலிருந்து பப்ளிக் ஸ்கீமாவில் (அட்டவணைகள் இயல்பாக இருக்கும் பிரிவில்) சாதாரணப் பயனர் அட்டவணை உருவாக்க முடியாது, ஆகவே உருவாக்குவதை மாஸ்டர் செய்யட்டும். புதுப் பயனருக்கு அந்த ஓர் அட்டவணையில் படிக்க, சேர்க்க, திருத்த மட்டும் உரிமை கொடுங்கள். லிட்டருக்கும் கொழுப்புக்கும் தசமத்தைத் துல்லியமாக வைக்கும் நியூமெரிக் வகை வையுங்கள். தோராயமாக வைக்கும் ஃப்ளோட் வைத்தால் பத்து நாள் பணம் கூட்டும்போது காசுக் கணக்கு உதைக்கும்.

ஐந்தாம் படி: எழுதுவது

எஸ்3 ஒரு நிகழ்வைக் குறைந்தது ஒரு முறை அனுப்பும் என்றுதான் உறுதி தருகிறது. அதாவது எப்போதாவது இரண்டு முறையும் வரலாம். லாம்டா பிழையில் முடிந்தால் அதே நிகழ்வை இன்னும் இரண்டு தடவை முயலும். ஆக, ஒரே கோப்பு இரண்டு முறை படிக்கப்பட்டால் ஒருவருக்கு ஆறு லிட்டர் பன்னிரண்டு லிட்டராகிவிடக் கூடாது. இதை நிரலில் சோதிப்பதைவிட டேட்டாபேஸிடம் விடுவதுதான் சரி. உறுப்பினர் எண், தேதி, வேளை, பால் வகை நான்கும் சேர்ந்து தனித்தன்மை கொண்டவை என்று அட்டவணையில் விதி வையுங்கள். பால் வகையை ஏன் சேர்த்தேன் என்றால், ஒரே வேளையில் பசும்பாலும் எருமைப்பாலும் ஊற்றுகிற வீடுகள் உண்டு.

சேர்க்கும் கட்டளையில் ‘ஆன் கான்ஃபிலிக்ட்’ பகுதியை எழுதினால், அந்த வரி ஏற்கெனவே இருக்கும்போது என்ன செய்வது என்று சொல்லலாம். ஒன்றும் செய்யாமல் விடலாம், அல்லது புது மதிப்பால் திருத்தலாம். திருத்துவதையே தேர்ந்தெடுங்கள். கொழுப்பு அளவைத் தவறாகப் பதிந்து, சரிசெய்த கோப்பை மறுபடி ஏற்றுவது அன்றாடம் நடப்பது. விட்டுவிட்டால் திருத்தம் ஏறாது.

ஒரு கோப்பு முழுவதும் ஒரே டிரான்சாக்‌ஷன். எல்லா வரிகளும் ஏறிய பிறகு ஒரே கமிட், அதாவது நிலையாகப் பதியச் சொல்லும் கட்டளை. நடுவில் ஒரு வரி கெட்டிருந்தால் எதுவும் ஏறாது. பாதிக் கோப்பு ஏறி நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். கமிட் செய்ய மறந்துவிட்டால், நிரல் பிழையே இல்லாமல் முடியும், அட்டவணை காலியாக இருக்கும். மதிப்புகளை டேட்டாபேஸ் கட்டளை வாக்கியத்தில் ஒட்டாமல் அளவுருக்களாகவே கொடுங்கள்.

டேட்டாபேஸ் இணைப்பை ஹேண்ட்லர் ஃபங்ஷனுக்கு (ஒவ்வொரு அழைப்பிலும் ஓடும் பகுதிக்கு) வெளியே வைத்துக்கொள்ளுங்கள். லாம்டா ஒரு முறை எழுந்தபின் கொஞ்ச நேரம் அப்படியே காத்திருந்து அடுத்த அழைப்பையும் ஏற்கும். அப்போது பழைய இணைப்பு கையில் இருக்கும். இடைவெளி நீண்டால் அது செத்துப்போயிருக்கவும் கூடும். ஆகவே முதல் கட்டளை தோற்றால் புதிதாக இணைத்து இன்னொரு முறை முயலும்படி எழுதுங்கள். புது இணைப்புக்குப் புது டோக்கன் என்பதை மறக்க வேண்டாம்.

ஆறாம் படி: தானாக ஓட வைப்பது

இவ்வளவும் கையால் சோதித்து முடிந்தபின்தான் டிரிக்கர். லாம்டா பக்கத்தில் எஸ்3 டிரிக்கரைச் சேர்க்கும்போது முன்னொட்டாக ஒரு ஃபோல்டரையும் பின்னொட்டாக சிஎஸ்வி என்பதையும் கொடுங்கள். கன்சோலில் செய்தால், எஸ்3 இந்த ஃபங்ஷனை அழைக்கலாம் என்ற அனுமதி தானாகவே சேர்ந்துவிடும். அமைப்புகளை நிரலாக எழுதும் டெராஃபார்ம் போன்ற கருவிகளில் எழுதினால் அதை நீங்களே எழுத வேண்டும். லாம்டா மறுபடி எஸ்3-இல் எதையாவது எழுதப் போகிறதென்றால், அறிக்கையோ பிழைப் பட்டியலோ, அதற்கு வேறு பக்கெட் வையுங்கள். அதே இடத்தில் எழுதினால் அந்தக் கோப்பு மறுபடி லாம்டாவை எழுப்பும், அது மறுபடி எழுதும். தூங்கி எழுந்து பார்த்தால் பில் வேறு மாதிரி இருக்கும்.

மூன்று முயற்சியும் தோற்ற நிகழ்வு அப்படியே மறைந்துபோகும். தோல்விக்கான இலக்காக ஒரு எஸ்கியூஎஸ் வரிசையை (செய்திகளைத் தேக்கி வைக்கும் அமேசான் சேவை) வைத்து, லாம்டாவின் ரோலில் அதற்கு அனுப்பும் அனுமதியையும் சேர்த்துவிட்டால், எந்தக் கோப்பு ஏறவில்லை என்பது அங்கே நிற்கும்.

இணைப்புகளின் எண்ணிக்கையைப் பற்றியும் யோசித்தாக வேண்டும். 1 ஜிபி நினைவகமுள்ள மைக்ரோ போஸ்ட்கிரஸ் ஏறக்குறைய நூறு இணைப்புகளைத்தான் தாங்கும். லாம்டாவோ ஒரு வட்டாரத்தில் ஒரே நேரத்தில் ஆயிரம் வரை பெருகலாம். புதுக் கணக்குகளில் அந்த வரம்பு குறைவாக இருக்கும். ஒவ்வொன்றும் ஓர் இணைப்பைப் பிடிக்கும். ஒரு வருடக் கோப்புகள், ஏழுநூற்றுச் சொச்சம், ஒரே நேரத்தில் பக்கெட்டில் கொட்டப்படும் நாளில் இது தெரியும். ஆர்டிஎஸ் பிராக்ஸி என்ற சேவை இணைப்புகளைத் தேக்கிப் பகிர்ந்து கொடுக்கும், 2020-இலிருந்து இருக்கிறது, கட்டணம் உண்டு. இந்த வேலைக்கு அது வேண்டாம். ரிசர்வ்டு கன்கரன்சியை (இந்த ஃபங்ஷன் ஒரே நேரத்தில் எத்தனையாகப் பெருகலாம் என்ற வரம்பை) ஐந்து என்று வைத்தால் போதும். எஸ்3 நிகழ்வுகள் வரிசையில் காத்திருக்கக் கூடியவை. ஐந்துக்கு மேல் வருபவை ஆறு மணி நேரம் வரை திரும்பத் திரும்ப முயலப்படும். ஆனால் ஒரு செல்பேசிச் செயலியின் பின்னால் நிற்கும் லாம்டா என்றால் அப்படிக் காத்திருக்க வைக்க முடியாது; அங்கே பிராக்ஸிக்குக் காசு கொடுப்பது நியாயம்.

பயிற்சி முடிந்து விட்டுப்போகும்போது, ஆர்டிஎஸ்-ஐ நிறுத்தி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நிறுத்தி வைத்த டேட்டாபேஸ் ஏழு நாளில் தானே எழுந்துவிடும், கட்டணமும் எழுந்துவிடும். ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுத்துவிட்டு டேட்டாபேஸை அழியுங்கள். வேண்டும்போது அதிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். லாக்குகளுக்கு இயல்பாகக் காலாவதி கிடையாது, 30 நாள் என்று வைத்துவிடுங்கள். செக்யூரிட்டி குரூப்பை அழிக்க விடவில்லையென்றால், லாம்டா விட்டுப்போன நெட்வொர்க் இடைமுகம் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். லாம்டாவை அழித்துச் சிறிது நேரம் கழித்து முயன்றால் விட்டுவிடும்.